கெளுத்திக்கு ஒரு பெடல் கயாக்: போட்டோமாக் ஆற்றில் ஓட்டிப் பார்த்தது

கயாக் என்கிற சின்னப் படகு, பன்னிரண்டு அடி நீளம், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, காலால் மிதித்தால் அடியில் ப்ரொப்பல்லர் சுற்றும். புதிதாக வாங்கினால் 2,000 டாலரைத் தாண்டும். நான் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் வுட்பிரிட்ஜ் பக்கம் ஒருவரிடம் பழசாக 1,300-க்கு வாங்கினேன். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன்; அப்புறம் விற்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். தவிர, இதே அமைப்பில் நாலைந்து கம்பெனிகள் கிட்டத்தட்ட இதே படகைத்தான் வேறு வேறு நிறத்தில் விற்கிறார்கள். நான் சொல்வதில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கயாக் பற்றி எழுதுகிற எல்லாரும் வேகத்தைப் பற்றி எழுதுகிறார்கள். மணிக்கு எத்தனை மைல், நின்று தூண்டில் வீசினால் ஆடுகிறதா, மீன் தேடும் கருவி மாட்ட இடம் இருக்கிறதா. பாஸ் மீனுக்குப் போகிறவர்களுக்கு அதெல்லாம் சரி. நான் இந்தப் படகை வாங்கியது நீலக் கெளுத்திக்கு. அதைப் பிடிக்க அலைய வேண்டாம். ஆழம் சரிகிற விளிம்பைக் கண்டுபிடித்து, நீரோட்டத்தில் அசையாமல் நின்று, இரையின் வாசத்தை ஓட்டத்தோடு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே இந்தப் படகு எப்படி ஓடுகிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்றுதான் பார்த்தேன். அதில் பெரிய குறை ஒன்று இருக்கிறது, கீழே வருகிறேன்.

மீனைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். நீலக் கெளுத்தியின் சொந்த ஊர் மிசிசிப்பி, மிசௌரி, ஒஹையோ ஆறுகள். 1970-களிலும் 80-களிலும் விர்ஜீனியா அரசே ஜேம்ஸ், ரப்பஹானக், யார்க் ஆறுகளில் கொண்டுவந்து விட்டது, பெரிய மீன் பிடிக்கிற பொழுதுபோக்குக்காக. உப்பு நீர் பக்கம் போகாது என்று நம்பினார்கள். அது உவர்நீரைத் தாங்கிக்கொண்டு ஒவ்வோர் ஆறாகக் கடந்து, இன்று செசபீக் விரிகுடாவில் விழுகிற பெரிய ஆறுகளில் எல்லாம் இருக்கிறது. நீல நண்டு, மென்ஹேடன், ஆற்றுக்கு முட்டையிட வரும் ஷாட், எது கிடைத்தாலும் தின்கிறது. ஜேம்ஸ், ரப்பஹானக் ஆறுகளின் சில பகுதிகளில் மொத்த மீன் எடையில் முக்கால் பங்கு இது ஒன்றுதான் என்கிறார்கள். 2023-ல் மேரிலாந்து ஆளுநர் வெஸ் மூர், இதையும் மற்ற அயல் மீன்களையும் காட்டி, மீன்வளப் பேரிடர் என்று அறிவிக்கச் சொல்லி மத்திய அரசுக்கு எழுதினார். நம் ஊரில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடை போட்டும் குளங்களில் பரவிக் கிடக்கிறதே, அதே கதை. இங்கே ஆறு பெரிசு, மீனும் பெரிசு.

எவ்வளவு பெரிசு என்றால், உலக சாதனை மீன் 143 பவுண்டு; 2011-ல் விர்ஜீனியாவின் கெர் ஏரியில் பிடிபட்டது. போட்டோமாக்கில் 2012-ல் ஒருவர் 84 பவுண்டு எடுத்தார், அது மேரிலாந்து சாதனை. என் படகில் ஏறுவது பெரும்பாலும் மூன்று முதல் பத்து பவுண்டு வரை. சமையலுக்கு அதுதான் சரியான அளவும்கூட. ஆனால் அடுத்து கவ்வுவது எந்த அளவு என்று தெரியாது, படகை அதற்குத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

நான் இறங்குவது லீசில்வேனியா மாநிலப் பூங்காவில். கயாக்குக்கென்று தனித்துறை இருக்கிறது, பக்கத்திலேயே ரயில் பாதை போகிறது. அங்கே போட்டோமாக் ஒரு மைலுக்கு மேல் அகலம். கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே இருந்தாலும் ஏற்றமும் வற்றமும் ஒழுங்காக நடக்கிறது. வாஷிங்டனையும் தாண்டி, லிட்டில் ஃபால்ஸ் வரைக்கும் போகிறது. நான் புன்னைக்காயல்காரி, தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் வளர்ந்தவள். நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் போகிறது என்று தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற தைரியம் உண்டு. இருந்தாலும் அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் (NOAA) ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்காமல் போவதில்லை. இந்த மீன் தண்ணீர் ஓடும்போதுதான் இரை எடுக்கும். வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து அது வேகம் பிடிக்கிற நேரம் நல்ல நேரம். தண்ணீர் நின்றுவிட்டால் தூண்டிலும் நின்றுவிடும், டீ குடிக்கலாம்.

அட்டவணை சொல்லாத ஒன்று காற்று. குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று இரண்டு நாள் பலமாக அடித்தால் ஆற்றுத் தண்ணீரையே கீழே தள்ளிவிடும். அன்றைக்கு அட்டவணைப்படி ஏற்றமாக இருந்தாலும் துறையில் சேறுதான். வற்றம் கீழ்நோக்கி ஓடும்போது தெற்கிலிருந்து காற்று எதிர்த்தால், குட்டையான செங்குத்து அலை எழும்பும். இந்தப் படகு அதைத் தாங்குகிறது; அகலம் கிட்டத்தட்ட மூன்று அடி, எளிதில் சாயாது. ஆனால் முகப்பு உயரமாக இருப்பதால் பக்கக் காற்றில் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். சுக்கான் கயிறு தளர்ந்துவிட்டால் இன்னும் மோசம். சுக்கான் கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது, அதை இழுக்கிற கயிறு மெல்லிய நைலான், வெயிலில் நீளும். வருஷத்துக்கு ஒருமுறை இறுக்க வேண்டும். இது சின்ன வேலை.

இனி பெடல். வேகத்துக்காக என்றால் எனக்கு அது வேண்டாம், துடுப்பே போதும். ஆனால் இந்த மீன்பிடிப்பில் பெடல் இன்னொரு இடத்தில் கைகொடுக்கிறது, நங்கூரத்துக்குத் திரும்பி வருவதில். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் நங்கூரத்தைச் சொல்ல வேண்டும்.

படகு வரும்போது நங்கூரம் கட்ட எந்த ஏற்பாடும் இல்லை. இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி மட்டும் இருக்கிறது, "ஆங்கர் க்ளீட்" என்று பெருமையாகப் பெயர். தயவுசெய்து அதில் நங்கூரக் கயிற்றைக் கட்டிவிட்டு ஓடுகிற தண்ணீரில் உட்காராதீர்கள். கயிறு படகின் நடுப்பக்கத்திலிருந்து இழுத்தால் படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பும். ஓட்டம் வருகிற பக்க விளிம்பைக் கயிறு கீழே இழுக்கும், தண்ணீர் அந்தப் பக்கம் குவிந்து ஏறும், கவிழ்வதற்கு ஒரு மோட்டார் படகு எழுப்பும் அலை போதும். மீன்பிடி கயாக் என்று விளம்பரம் செய்து விற்கிறவர்கள் அந்தக் கொக்கியை அங்கே வைத்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மேலே சொன்ன பெரிய குறை இதுதான்.

கயிறு அணியம் என்கிற முன் நுனியிலிருந்தோ கடையால் என்கிற பின் நுனியிலிருந்தோதான் போக வேண்டும். ஆனால் கயாக்கில் எழுந்து நுனிக்குப் போக முடியாது. அதற்குத்தான் ட்ராலி என்ற ஏற்பாடு: படகின் ஒரு பக்கத்தில் முன் நுனியிலும் பின் நுனியிலும் ஒவ்வொரு சின்னக் கப்பி, நடுவே ஓடுகிற கயிற்று வளையம், அதில் ஒரு இரும்பு வளையம். நங்கூரக் கயிற்றை அந்த வளையத்தில் மாட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்து நுனிக்கு அனுப்பிவிடலாம். சாமான் வாங்கி நானே மாட்டினேன், முப்பது டாலருக்குள் முடிந்தது. இருபதடி ஆழத்துக்கு நூறடி கயிறு விடுகிறேன். கயிறு கட்டையாக இருந்தால் நங்கூரம் சேற்றில் பிடிக்காமல் எகிறும். மடக்கு நங்கூரத்தைவிட, மூன்றரை பவுண்டு வளைந்த நகம் மாதிரி இருக்கிறது பாருங்கள், அது போட்டோமாக் சேற்றில் நன்றாகப் பிடிக்கிறது. கயிற்றின் படகுப்பக்க முனையில் ஒரு மிதவையும் ஒரு க்ளிப்பும். பெரிய மீன் மாட்டினாலோ, பார்ஜ் என்கிற சரக்குப் படகு கிளப்பிய அலை வந்தாலோ, க்ளிப்பைக் கழற்றினால் போதும். மிதவை அங்கேயே நிற்கும், நாம் ஓட்டத்தோடு போகலாம். கழற்ற முடியாமல் சிக்கிக்கொண்டால் அறுக்க ஒரு கத்தி லைஃப் ஜாக்கெட்டிலேயே தொங்குகிறது. சிவப்பு, பச்சை மிதவைகளுக்கு நடுவே, கப்பல் போகிற பாதையில் மட்டும் நங்கூரம் போடக் கூடாது. விளிம்பு பாதைக்கு வெளியேயும் கிடைக்கும்.

இங்கேதான் பெடலுக்குக் கொடுத்த காசு நியாயமாகிறது. இருபது பவுண்டு மீன் ஒன்று படகைக் கால் மைல் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனை ஏற்றியாயிற்று, கை நடுங்குகிறது, ஓட்டம் எதிரே வருகிறது. துடுப்புப் படகில் மிதவைக்குத் திரும்புவதற்குள் தோள் போய்விடும், அதற்குள் நல்ல நேரமும் போய்விடும். இதில் காலை மிதித்துக்கொண்டே கையால் அடுத்த இரையை வெட்டிக்கொண்டு வரலாம். மிதவைக்கு அருகில் வந்ததும் பின்னோக்கி மிதித்தால் படகு அப்படியே நிற்கிறது. ஹோபி கம்பெனி 1997-ல் கொண்டுவந்த, துடுப்பு போல இரண்டு இறக்கைகள் அசைகிற வகை பழைய மாடல்களில் இந்தப் பின்னோக்கு வசதி இல்லை. ப்ரொப்பல்லர் வகையில் இயல்பாகவே உண்டு. கெளுத்திக்கு நான் ப்ரொப்பல்லர் பக்கம் சாய்வது இதற்காகத்தான்.

அதற்கு எதிர் வாதம் ஹைட்ரில்லா. 1980-களிலிருந்து போட்டோமாக்கில் படர்ந்திருக்கிற நீர்ப்பாசி வகை. ஜூலை முதல் செப்டம்பர் வரை கரையோரம் முழுக்க அடர்ந்து கிடக்கும். ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால், பெடலும் ப்ரொப்பல்லரும் சேர்ந்த பாகமான டிரைவைத் தூக்கி, விரலால் பிய்த்தெடுத்து, மறுபடி இறக்க வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை. கோடையில் கரையிலிருந்து ஆழத்துக்குத் துடுப்பால் போய்விட்டு, அங்கே டிரைவை இறக்குவேன். இந்த மீனுக்கு நல்ல காலம் எப்படியும் கோடை இல்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை, மற்ற மீன்களெல்லாம் சோம்பிக் கிடக்கும்போது, நீலக் கெளுத்தி நன்றாக இரை எடுக்கும். அப்போது பாசியும் இல்லை.

குளிர்காலம் என்றால் இருக்கையைச் சொல்ல வேண்டும். உலோகச் சட்டத்தில் வலைத்துணி, உயரமானது, முதுகுக்கு அருமை. ஜனவரியில் அந்த வலைத்துணி வழியாகக் காற்று முதுகெலும்பைத் தடவும். பழைய யோகா பாய் ஒன்றை வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். தண்ணீர் உள்ளே புகாத ட்ரை சூட் இல்லாமல் குளிர்காலத்தில் இறங்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிவது கொஞ்ச நிமிஷத்துக்குத்தான் உதவும். என் ட்ரை சூட் படகின் விலையில் பாதிக்கு மேல். இந்தப் பொழுதுபோக்கின் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்வதில்லை.

தூண்டில் செருகும் குழிகள்: பின்பக்கம் இரண்டு, பிளாஸ்டிக். வீசிவிட்டு நகர்ந்துகொண்டே இழுக்கிறவர்களுக்கு வசதி, கெளுத்திக்கு உபயோகமில்லை. காரணம், இதற்குப் போடுவது சர்க்கிள் ஹூக் என்கிற உள்வளைந்த முள். ஊர்ப் பழக்கத்தில் நுனி ஆடியதும் சுண்டி இழுத்தால் முள் வாயிலிருந்து அப்படியே வெளியே வந்துவிடும். கம்பை ஸ்டாண்டிலேயே விட்டுவிட வேண்டும். முதலில் இரண்டு தட்டு, அப்புறம் ஒன்றும் இல்லை, அப்புறம் கம்பு மெதுவாக வளைந்து, வளைந்து, நுனி தண்ணீரைத் தொடும். அதற்கப்புறம் கையில் எடுத்தால் முள் கடைவாயில் ஏறி இருக்கும். ஆகவே ஸ்டாண்டு கண்ணுக்கு எதிரே, முன்னால் இருக்க வேண்டும், அந்த மொத்த இழுப்பையும் தாங்க வேண்டும்.

முன்னால் உபகரணம் மாட்டும் தண்டவாளம் இருக்கிறது. அதில் நல்ல ஸ்டாண்டு ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரு நாள் கம்பு வளைந்தது, தண்டவாளமே டப்பென்று ஒரு பக்கம் பெயர்ந்து நிமிர்ந்தது. கம்பைப் பாய்ந்து பிடித்தேன். கரைக்கு வந்து பார்த்தால், பிளாஸ்டிக் உடலில் நேரே முடுக்கிய நாலு சின்ன ஸ்க்ரூ, பின்னால் நட்டும் இல்லை, தாங்கு பட்டையும் இல்லை. விற்பனையாளருக்கு எழுதினேன், பழசாக வாங்கியதற்கு வாரண்டி கிடையாது என்று பதில். சரி. மூடியைத் திறந்து உள்ளே கை போகிற தூரத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட், அகல வாஷர் வைத்து, துளையில் மரைன் சிலிக்கான் பூசி மாட்டிக்கொண்டேன். இப்போது அசையவில்லை. கெளுத்திக்கென்று இந்த வகைப் படகு வாங்குகிறவர்கள் தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

மீனை எங்கே வைப்பது என்பது அடுத்த விஷயம். நான் பிடிக்கிற இடத்தில் ஆறு மேரிலாந்தைச் சேர்ந்தது. மேரிலாந்தில் இந்த மீனுக்கு அளவும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். உயிரோடு கொண்டுபோகத்தான் கூடாது. ஆகவே பிடித்ததும் கொன்று ஐஸில் போட வேண்டும். இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் நீளமான ஐஸ் பை கச்சிதமாக உட்காருகிறது. ஐஸும் மீனுமாக நாற்பது ஐம்பது பவுண்டு ஏறியதும் கடையால் இறங்கி, வடிகால் துளை வழியாகத் தண்ணீர் மேலே வந்து பையின் அடியில் நிற்கும். துளைகளுக்கு அடைப்பான் தனியாக வாங்க வேண்டும், நான்கு டாலர் சமாச்சாரம். படகோடு கொடுத்திருக்கலாம்.

ஏற்றுவதற்கு முன் மீனை ஒருமுறை பாருங்கள். வால் கவை வேறு சில கெளுத்திகளுக்கும் இருக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள். வயிற்றின் பின்பக்கத் துடுப்பைப் பார்க்க வேண்டும். நீலக் கெளுத்திக்கு அது நீளமாக, அடிக்கோல் வைத்து வெட்டியது போல ஓரம் நேராக இருக்கும். உருண்டிருந்தால் வேறு கெளுத்தி. அதில் வெள்ளைக் கெளுத்தி இந்த மண்ணின் மீன், அதைத் திருப்பி விட்டுவிடுவேன். கையை உள்ளே விட்டுக் கீழ்த்தாடையைப் பிடிக்கலாம், பற்கள் உப்புத்தாள் மாதிரிதான்; கட்டைவிரல் தோல் நாலு மீனில் சிவந்துவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதுகுமுள்ளும் பக்க முள்ளும் விறைத்து நிற்கும், காலருகே துள்ள விடக் கூடாது. இந்தப் படகில் கால் வைக்கும் இடம் குறுகல், நடுவில் டிரைவ் வேறு. துள்ளுகிற மீனுக்கும் நமக்கும் நடுவில் ஒதுங்க இடமே இல்லை. வலையிலேயே வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே எடுப்பேன்.

எடை நூறு பவுண்டுக்கு மேல். தனியாகக் கார் கூரையில் ஏற்றுவதை மறந்துவிடுங்கள். வீட்டுக்காரரை ஒவ்வொரு தடவையும் காலை நான்கு மணிக்கு எழுப்ப முடியாது (அவர் ஆற்று மீனே சாப்பிடாதவர், நியாயம்தானே). சின்ன ட்ரெய்லர் வாங்கிய பிறகுதான் இந்தப் படகு எனக்கு உண்மையில் பயன்பட்டது. சக்கர வண்டியில் வைத்துத் துறைக்குத் தள்ளலாம், ஆனால் வற்றம் முடிகிற நேரத்தில் கரையேறினால் சக்கரம் சேற்றில் அச்சு வரை இறங்கும். அகலமான பலூன் சக்கரம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அப்பார்ட்மென்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறவர்கள் இந்த வகையைத் தொடவே வேண்டாம். சிற்றோடைகளுக்குள்ளேயே மீன் பிடிக்கிறவர்களுக்கும் தேவையில்லை. ஐந்நூறு டாலர் துடுப்பு கயாக்கும் ஒரு ட்ராலியும் போதும்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். கடையில் கிடைக்கிற வளர்ப்புக் கெளுத்தியைவிட இது எனக்குப் பிடிக்கிறது. வெள்ளைச் சதை, முள் குறைவு, மீன் தின்று வளர்வதால் சேற்று வாடையும் குறைவு. ஆனால் ஒரு வேலை உண்டு. தோலை உரித்த பிறகு பக்கவாட்டில் ஓடுகிற சிவந்த சதையையும் மஞ்சள் கொழுப்பையும் கத்தியால் சீவி எறிந்துவிட வேண்டும். வாடை முழுக்க அதில்தான். அப்புறம் மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பிசறி வைத்துவிட்டுக் குழம்பு கூட்டினால், தேங்காய் அரைத்த புளிக்குழம்பில் உடையாமல் நிற்கிறது. வறுவலுக்கு இன்னும் நன்று. பெரிய மீன்களைச் சாப்பிடுவதில்லை: வயதான மீனில் பாதரசமும் பி.சி.பி. என்கிற ரசாயனமும் சேர்ந்திருக்கும், மாநில அரசின் எச்சரிக்கைப் பட்டியலில் ஆறு வாரியாகப் போட்டிருக்கிறார்கள். ஜேம்ஸ் ஆற்றுப் பக்கம் பெரிய மீனைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுகிற கூட்டம் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் திரும்ப விடுவதில்லை, அவ்வளவுதான். இரைக்கே போதும்: அந்தச் சதையில் நண்டுப் பொறி கட்டுகிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இரை என்றதும், வெட்டிய கிஸ்ஸர்ட் ஷாட்டைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். நம் உல்லத்துக்குச் சொந்தம், எண்ணெய் கசிகிற மீன், தலைத்துண்டுதான் நல்லது. அதன் ரத்தம் படகின் பிளாஸ்டிக்கில் காய்ந்தால் போகாது. என் படகு வெளிர்மஞ்சள். கறை அப்படியே தெரிகிறது. பச்சையோ சாம்பலோ வாங்குங்கள்.

மொத்தத்தில், புதிதாக 2,000 கொடுத்து இதை வாங்கச் சொல்ல மாட்டேன். கொக்கியும் தண்டவாளமும் இந்த லட்சணத்தில் இருக்கும்போது அந்த விலை அதிகம். பழசாக, 1,500-க்குக் கீழே, ட்ராலிக்கும் போல்ட்டுக்கும் இன்னொரு அறுபது எடுத்து வைத்துக்கொண்டு வாங்கலாம். பார்க்கப் போகும்போது டிரைவைப் படகிலிருந்து கழற்றி மடியில் வைத்துப் பெடலை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வழுவழுவென்று சுற்ற வேண்டும். உள்ளே கரகரவென்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கியரைப் பிரித்துக் கிரீஸ் மாற்ற வேண்டும், அரை நாள் வேலை. விற்கிறவரிடம் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்துவிட்டு விலை பேசுங்கள். என்னிடம் விற்றவர் 1,500 என்றுதான் ஆரம்பித்தார்.